நம்மாள் நின்ற ஐம்பத்திரண்டு நொடி

எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தில் நாற்காலிகளைப் பிடுங்கியதற்கு நான்தான் காரணம் என்று இன்றைக்கும் சிலர் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை. ஆனால் அன்றைக்கு என் அறைக்கு வந்த இயக்குநர் இன்னும் பத்து நொடி நின்றிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. அவர் எந்த இடத்திலும் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காதவர். பெரிய மனிதர்களுக்கு வரும் நோய் அது, மருந்து கிடையாது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உடம்புக்குள் நுழைந்த வைரஸ் தன்னைப் போல ஆயிரம் பேரை உருவாக்க வேண்டும். அதற்கு, தன் குறிப்பெல்லாம் எழுதியிருக்கும் ஆர்.என்.ஏ. என்கிற நீண்ட இழையை எழுத்து எழுத்தாகப் படியெடுக்க வேண்டும். படியெடுப்பது பாலிமரேஸ் என்ற நொதி. ஆய்வகத்தில் நாங்கள் அதற்கு வைத்த பெயர் 'நம்மாள்'. நான் அந்த இழையின் ஒரு நுனியைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மறு நுனியில் தூசியைவிடச் சின்னதாக ஒரு காந்த மணியைக் கோத்து, மேலே ஒரு காந்தத்தை வைத்து இழுத்துப் பிடித்திருப்பேன். நம்மாள் முறுக்கைப் பிரித்துக்கொண்டு முன்னேற முன்னேற இழை நீளும், மணி மேலே ஏறும். மணி ஏறுவது திரையில் ஒரு கோடாக வரும். அந்தக் கோட்டைப் படித்து, பதிவேட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

நம்மாள் நகர்கிற விதம் வேடிக்கையானது. அவனுக்கு இன்ஜின் எதுவும் கிடையாது. ஓர் எழுத்து முன்னே, ஓர் எழுத்து பின்னே என்று சும்மா தள்ளாடிக்கொண்டே இருப்பான். சரியான எழுத்து வந்து உட்கார்ந்ததும் பின்னால் போகிற வழி அடைபடும். அவ்வளவுதான், ஓர் எழுத்து முன்னேறிவிட்டான். தப்பான எழுத்து வந்தால் தயங்குவான், நிற்பான், சில சமயம் கொஞ்சம் பின்வாங்கவும் செய்வான். பிறகு போவான். துணைக்கு இரண்டு புரதங்கள் நீண்ட கைகளால் இழையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் நிற்கும்போதும் இழையை விட்டு விழமாட்டான். நின்றாலும் விழாததுதான் அவன் சாமர்த்தியம். மூன்று வருடத்தில் ஆயிரத்து நூறு ஓட்டங்கள் பார்த்திருக்கிறேன். ஓரிடத்திலும் நிற்காமல் போய்ச் சேர்ந்தது ஒன்றுகூட இல்லை.

இயக்குநர் என் அறைக்கு வந்த நேரத்தில் நம்மாள் நல்ல ஓட்டத்தில் இருந்தான். கோடு சர்ரென்று ஏறியது. நாற்பது நொடி பார்த்தார்.

"நிக்கவே நிக்காதாம்மா இது?" என்றார்.

"நிக்கும் சார். இருந்து பாருங்க, இப்ப..." என்று நான் முடிப்பதற்குள் அவர் பாதிப் படி இறங்கியிருந்தார். அவர் கார் கிளம்பும் சத்தம் கேட்டபோது நம்மாள் நின்றிருந்தான்.

அடுத்த திங்கட்கிழமை அனைவரையும் கூடத்துக்கு அழைத்து இயக்குநர் உரையாற்றினார்.

"உயிரில்லாத ஒரு மூலக்கூறு! அதற்கு நாற்காலி உண்டா? தேநீர் இடைவேளை உண்டா? இடுப்பு வலி என்று விடுப்புக் கேட்கிறதா? முக்கியமாக, அதற்குத் தலை கிடையாது. தலை இல்லாததால் யோசிப்பதில்லை. யோசிக்காததால் நிற்பதில்லை. நம் நிறுவனம் முழுவதும் அந்த உயரத்தை எட்ட வேண்டும். தலைமையைப் பொறுத்தவரை, ஏற்கெனவே எட்டிவிட்டோம்."

கைதட்டல் அடங்க நேரமானது. மறுநாள் காலையில் நாற்காலிகளை அள்ளிக்கொண்டுபோய்க் கருத்தரங்கு அறையில் அடுக்கிப் பூட்டினார்கள். அதனால் கருத்தரங்குகள் நின்றுபோயின. அந்த நிற்றலை மட்டும் யாரும் குற்றமாக எழுதவில்லை.

'நகர்வுப் பிரிவு' என்று ஒன்று பிறந்தது. அதற்கு அதிகாரியாக, அதுவரை வாகன நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரைப் போட்டார்கள். ஆளுக்கொரு பட்டையைக் கையில் மாட்டினார்கள். அது அடிகளை எண்ணும். இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தால் கீச்சிடும். எந்தக் கோப்பும் ஒரு மேசையில் மூன்று நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஆணை வந்தது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட மூன்று நிமிடம் யாருக்கும் போதவில்லை. ஆகவே நான் கண்ணாடித் தகடு கேட்டு அனுப்பிய கோப்பு, ஒரே நாளில் பதினேழு மேசைகளைச் சுற்றிவிட்டு, ஒரு கையெழுத்தும் இல்லாமல் சாயங்காலம் என்னிடமே வந்து சேர்ந்தது. அந்த வேகத்தைப் பாராட்டிச் சுற்றறிக்கை வந்தது. வாயிற்காவலர் கட்டடத்தைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார். அவர் பின்பக்கம் போயிருந்த ஒரு நேரத்தில் வெளியாள் ஒருவர் உள்ளே வந்தார், ஒரு மிதிவண்டி வெளியே போனது.

இரண்டாவது வாரம் என் அறையில் கூட்டம் சேர ஆரம்பித்தது. என்னிடம் ஒரு ஷேக்கர் இருக்கிறது. குப்பிகளைத் தட்டில் வைத்தால் நாள் முழுக்க ஆட்டிக்கொண்டே இருக்கும். துப்புரவு அக்காதான் முதலில் கண்டுபிடித்தார்.

"இந்தப் பட்டையை இதுமேல வெச்சுட்டுப் போறேன் தாயி. நான் குனிஞ்சு தரையைத் துடைச்சா அது நடையில சேராதாம். வேலை செஞ்சா நின்ன மாதிரியாம், சும்மா உலாத்தினா நடந்த மாதிரியாம்."

அந்த வாரக் கடைசியில் தட்டில் முப்பத்தெட்டுப் பட்டைகள் ஆடின. அவற்றில் ஒன்று பண்டகக் காப்பாளருடையது. அவர் கால் முறிந்து வீட்டில் படுத்திருந்தார். அவர் பட்டை மேசையில் கிடந்து கீச்சிடுகிறதே என்று யாரோ கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அந்த மாதம் நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் அடிகள் நடந்ததற்காக முதல் பரிசு அவருக்குத்தான். நகர்வு அதிகாரி மேடையில் குரல் தழுதழுக்கப் பேசினார்.

"கால் ஒடிஞ்ச மனுஷன் நடந்திருக்கார்! நமக்கெல்லாம் ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு? வெட்கமா இல்ல?"

சிரிப்பாகத்தான் இருந்தது, என் கோடு கெட்டுப்போகும் வரை. பட்டையைத் தட்டில் வைக்காத மற்றவர்கள் ஓயாமல் நடந்ததில் தரை அதிர்ந்தது. மணி தூசியைவிடச் சின்னது என்று சொன்னேன் அல்லவா? பக்கத்து அறையில் ஒருவர் செருப்பைத் தேய்த்தாலே அது துள்ளும். திரையில் கோட்டுக்குப் பதிலாகக் கோழி கிளறியது போல ஒரு கிறுக்கல் வந்தது. நகர்வதைப் பற்றி ஆராய்கிற நிறுவனத்தில், எல்லோரும் நகர்ந்துகொண்டிருந்ததால் நகர்வதை மட்டும் பார்க்க முடியவில்லை.

இயக்குநரிடம் பேச நேரம் கேட்டேன். தாழ்வாரத்தில் வட்டமாக நடந்துகொண்டே நடத்தும் கூட்டத்தில் மூன்றாவது சுற்றில் எனக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். மூச்சிரைக்க இயக்குநருடன் ஓடிக்கொண்டே, பழைய பதிவேட்டை விரித்துக் காட்டினேன்.

"சார், கோடு ஏறாம சமமாப் போற இந்த இடமெல்லாம் பாருங்க. இங்க இருபது நொடி நின்னிருக்கு. இங்க ரெண்டு நிமிஷம். அது நிக்கும் சார். நின்னு நின்னுதான் போகும்."

இயக்குநர் பதிவேட்டைப் பார்க்காமலே நடந்தார். "அது கருவிக் கோளாறு. நீக்கிடுங்க."

"நீக்க முடியாது சார். மருந்துப் பிரிவுக்கு வேண்டியதே அதுதான்."

மருந்துப் பிரிவில் இருப்பவர் என் நாத்தனார், கணவரின் அக்கா. வீட்டில் எங்களுக்குள் துணி காயப்போடுகிற கொடி விஷயத்தில்கூட ஒத்துப்போகாது. வேலையில் ஒத்துப்போகும். அவரிடம் இரண்டு மருந்துகள் இருந்தன. முதல் மருந்தை ஊற்றினால் நம்மாள் நின்ற இடத்தில் ஏழெட்டு நிமிடம் நின்றுவிடுவான், பல சமயம் திரும்பக் கிளம்பவே மாட்டான். இரண்டாவதை ஊற்றினால் தண்ணீர் ஊற்றியது போலத்தான், கொஞ்சம் நிற்பான், போய்விடுவான். இரண்டில் ஒன்றைத்தான் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தேர்ந்தெடுக்கப்போகிறார்கள். நிற்பதை வெட்டி எறிந்துவிட்டால் மருந்தும் தண்ணீரும் ஒன்று. காய்ச்சலில் கிடக்கிறவன் வாயில் தண்ணீரை ஊற்றிவிட்டு, பிழைத்துக்கொள் என்று சொல்வதற்கு என் கையெழுத்து எதற்கு?

இதை நான் சொல்லி முடித்தபோது இயக்குநர் ஒரு வட்டம் முன்னே போயிருந்தார்.

அன்று மாலையே ஆணை வந்தது. மதிப்பீட்டுக் குழு புதன்கிழமை வருகிறது. அதற்குள் ஆயிரத்து நூறு பதிவுகளிலும் 'நிற்றல் நீக்கம்' செய்து நான் கையெழுத்திட வேண்டும். அதே குண்டூசியில் என் ஒப்பந்தப் புதுப்பிப்புப் படிவமும் குத்தியிருந்தது. நகர்வு அதிகாரி அதைக் கொடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டும் ஒரே ஊசியில இருக்கு. தற்செயல்தான்."

நான் இரண்டையும் மேசையில் வைத்தேன். மூன்று நிமிடம் ஆனதும் அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார், விதி அப்படி.

புதன்கிழமை மதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பேர். தலைவி தடித்த கண்ணாடி போட்ட, வயதான விஞ்ஞானி. என் அறைக்கு வெளியே உள்ள கூடத்தில் பெரிய திரை. அதில் நம்மாளின் ஓட்டத்தை நேரடியாகக் காட்ட ஏற்பாடு. கூடத்தைச் சுற்றி ஊழியர்கள் நாற்பது பேர் வட்டமாக நடந்துகொண்டே இருந்தார்கள். 'நகர்வு அணிவகுப்பு' என்று அதற்குப் பெயர்.

திரையில் கோழி கிளறியது.

"என்ன இது?" என்றார் குழுத் தலைவி.

"நில்லாமையின் உச்சம்" என்றார் இயக்குநர்.

"அதிர்வும்மா" என்றேன் நான், அறை வாசலில் இருந்து. என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "தரை ஆடுது. நம்மாள் நகர்றதைப் பார்க்கணும்னா நாம நிக்கணும்."

இயக்குநர் சிரித்தார். "இங்க நிக்கிறதுக்கு அனுமதி இல்லையேம்மா!"

அணிவகுப்பு இன்னும் அரை வட்டம் போனது. துப்புரவு அக்கா வரிசையை விட்டு விலகினார். தன் இரண்டு வாளிகளில் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். எந்த அவசரமும் இல்லை, தன் வீட்டுக் கூடத்தில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்.

"என்ன பண்றீங்க?" நகர்வு அதிகாரி கத்தினார்.

"நம்மாளைப் பார்க்கப்போறேன். இத்தனை நாளா அவனுக்காகத்தானே நடக்கிறோம்? மூஞ்சியைப் பார்க்க வேணாமா?"

அடுத்து வாயிற்காவலர் தரையில் உட்கார்ந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு 'அப்பாடா' என்றார். பிறகு நூலகர். பிறகு கணக்குப் பிரிவுக்காரர்கள் மொத்தமாக. கூடம் முழுக்க மனிதர்கள் உட்கார்ந்தார்கள். நகர்வு அதிகாரி மட்டும் தனியாக இரண்டு வட்டம் நடந்தார். பிறகு அவருக்கே கூச்சமாகிவிட்டது போலிருக்கிறது, சுவரில் சாய்ந்தார். இரண்டு நிமிடம் ஆனதும் பட்டைகள் ஒவ்வொன்றாகக் கீச்சிடத் தொடங்கின. அக்கா அத்தனையையும் கழற்றி வாங்கி இன்னொரு வாளியில் போட்டார். வாளியில் தண்ணீர் இருந்தது.

அமைதி. கோழி அடங்கியது. கிறுக்கலுக்குள் இருந்து ஒற்றைக் கோடு பிரிந்து வந்து ஏறத் தொடங்கியது. நாற்பது நொடி ஏறியது. பிறகு நின்றது.

பத்து நொடி. இருபது. இயக்குநரின் கழுத்தில் வேர்வை இறங்குவதை நான் பார்த்தேன்.

"விழுந்திருச்சு. முடிஞ்சு போச்சு. திரையை அணைங்க" என்றார்.

"விழல சார். நிக்குது" என்றேன். யாரும் அணைக்காதபடி திரையின் சுவிட்சைக் கையால் மூடிக்கொண்டேன். "ஒரு தடவையாவது முழுசாப் பாருங்க."

ஐம்பத்திரண்டாவது நொடியில் கோடு அசைந்தது. மறுபடி ஏறியது. அக்கா வாளிமேல் இருந்தபடியே கைதட்டினார். கூடம் முழுக்கக் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன். பதிவேட்டை எடுத்து அன்றைய தேதிக்கு நேரே எழுதினேன்: 'நின்றது. விழவில்லை. பிறகு போனது.' கையெழுத்துப் போட்டேன்.

நியாயம் ஜெயித்தது என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் எந்த நிறுவனத்திலும் வேலை பார்த்தவர் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் கூடத்தில் உரை.

"நிற்பது எப்படி என்பதை உலகிலேயே முதன்முதலில் கண்டறிந்தவர்கள் நாம்! சென்ற புதன்கிழமை, என் நேரடி மேற்பார்வையில், அந்த மூலக்கூறு ஐம்பத்திரண்டு நொடி நின்றது. ஐம்பத்தொன்று அல்ல. ஐம்பத்துமூன்று அல்ல. இனி நாமும் அவ்வாறே நிற்போம்."

நகர்வுப் பிரிவின் பலகையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் 'நிற்றல் பிரிவு' என்று எழுதினார்கள். அதிகாரி அவரேதான், நிறுத்துவது அவருக்குப் பழகிய வேலை. புதுப் பட்டைகள் வந்தன. ஒவ்வொரு மணி நேரமும் மணி அடிக்கும். அடித்ததும் ஐம்பத்திரண்டு நொடி, யார் எந்த நிலையில் இருந்தாலும், அந்த நிலையில் சிலையாக நிற்க வேண்டும். அசைந்தால் பட்டை கீச்சிடும். முதல் நாள் பதினோரு மணிக்குக் கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் தும்மப் போன முகத்தோடு ஐம்பத்திரண்டு நொடி நின்றார். அவருக்குப் பாராட்டுக் கடிதம் கிடைத்தது. கோப்புக்கான மூன்று நிமிட விதியை மட்டும் ரத்துசெய்ய மறந்துவிட்டார்கள். ரத்துசெய்யும் கோப்பு சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கும் ஆணை வந்தது, அதே குண்டூசியோடு. பழைய பதிவுகளில் உள்ள நிற்றல்கள் அனைத்தும் ஐம்பத்திரண்டு நொடியாகத் 'திருத்தப்பட' வேண்டும். மூலப் பதிவேட்டை வெள்ளிக்கிழமை பகல் சரியாக மூன்று மணிக்கு நிற்றல் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும். திருத்திய பிரதிதான் அன்று மூன்றரைக்குக் கூடும் மருந்துத் தேர்வுக் குழுவுக்குப் போகும். அந்தக் குழுவோ, மூலப் பதிவேடு கையில் இருந்தால் பிரதியைத் தொடாது. மறுபடியும் மருந்தும் தண்ணீரும் ஒன்று. முன்பு நிற்பதை வெட்டச் சொன்னார்கள், இப்போது ஒரே அளவாகத் தைக்கச் சொல்கிறார்கள். கத்தரி அதேதான்.

வீட்டில் ஆணையைக் கணவரிடம் காட்டினேன். அவர் பேருந்து ஓட்டுநர்.

"முதல்ல பிரேக்கைப் பிடுங்கினாங்க" என்றார். "இப்ப எல்லா ஸ்டாப்லயும் அம்பத்திரண்டு நொடிதான்னு சொல்றாங்க. கைக்குழந்தையோட ஏறுறவளுக்கு யார் நிப்பா? கையெழுத்துப் போடாதே. வேலை போனா போகட்டும், பார்த்துக்கலாம்."

நாத்தனார் ஆணையை வாங்கி இரண்டு முறை படித்தார். கொடிச் சண்டைக்குப் பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "எழுதினவன் படிச்சுப் பார்க்கலடி. வெள்ளிக்கிழமை நான் எங்க கதவுகிட்டயே நிக்கிறேன். நீ பட்டையை மட்டும் கழட்டி வெச்சிடு."

"சரி அண்ணி" என்றேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஐந்து நொடி இருக்கும்போது நிற்றல் அதிகாரி என் அறை வாசலுக்கு வந்தார். நேரம் தவறாதவர். நான் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினேன்.

"குடுங்க" என்று கையை நீட்டினார்.

மணி அடித்தது.

கை நீட்டியபடியே நின்றார். வாய் 'ங்க'வில் பாதி திறந்திருந்தது. சரியாக மூன்று மணிக்கு ஒப்படைக்கச் சொன்னவர்களுக்கு, சரியாக மூன்று மணிக்கு எல்லோரும் சிலை என்பது தோன்றவில்லை. நான் பட்டையைக் கழற்றி ஷேக்கரை அணைத்துவிட்டு அதன்மேல் வைத்தேன். பிறகு அவர் கையைச் சுற்றி, கொஞ்சம் ஒதுங்கி, வெளியே நடந்தேன். அவர் கண்கள் மட்டும் என் பின்னால் திரும்பின. கண்ணைப் பற்றி ஆணையில் எதுவும் இல்லை.

தாழ்வாரம் முழுக்க மனிதர்கள் நின்றார்கள். பன்னிரண்டு நொடி போயிருக்கும். மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் மூச்சு வாங்கியது. ஒப்பந்தம், வீட்டு வாடகை, எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. நின்றேன். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். மேல்படியில் துப்புரவு அக்கா துடைப்பத்தோடு சிலையாக இருந்தார். அவர் துடைப்பத்தால் மேலே காட்டி, "போ தாயி" என்றார். அவர் பட்டை கீச்சிட்டது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை.

போனேன்.

மருந்துப் பிரிவின் கதவு திறந்திருந்தது. நாத்தனார் ஆணைப்படி அசையாமல் நின்றிருந்தார். மணி அடிப்பதற்கு முன்பே இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றிருந்தார். பதிவேட்டை அவர் கைகளில் வைத்தேன். ஐம்பத்திரண்டாவது நொடியில் கைகள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

மூன்றரைக்கு முதல் மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

என்னை வேலையை விட்டு நீக்கும் கோப்பு அன்று மாலையே புறப்பட்டுவிட்டது. இது நடந்து எட்டு மாதமாகிறது. மூன்று நிமிட விதிப்படி மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, இன்னும் யாருக்கும் கையெழுத்துப் போட நேரம் கிடைக்கவில்லை. நேற்று என் மேசைக்கும் வந்தது. மூன்று நிமிடம் நின்றது. பிறகு போனது.